சார்ஜ் நிற்காத வண்டி

போன வாரம் லிஃப்டில் எதிர்வீட்டு தேஷ்பாண்டே அம்மாள் கேட்டார்: "காக்காஞ்சி காடி நீட் ஜாலி கா?"

பயப்படாதீர்கள். புனேயில் வயதான ஆண்களைக் காக்கா என்பார்கள், பெண்களைக் காக்கு. 'உங்கள் வீட்டுக்காரரின் வண்டி சரியாயிற்றா?' என்பதுதான் கேள்வி. வந்த புதிதில் இவரை யாராவது காக்கா என்று கூப்பிட்டால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். இப்போது நானே காக்குவாகிவிட்டேன், என்ன செய்ய?

"இல்லை... சார்ஜ் நிற்கமாட்டேன் என்கிறது" என்று எனக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் லிஃப்டில் மாறுகிற நம்பர்களைப் பார்த்தேன். மாடி வந்தது. இறங்கும்போது என் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

ஒரு பழைய பைக்கைப் பற்றி பில்டிங்கே விசாரிக்கிறது. அதற்கு நான் பொய் வேறு சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

'உங்களிடம் மட்டும்' என்றால் நிஜமாகவே மட்டும்தான். என் வீட்டுக்காரர் நான் பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்தியை இத்தனை வருஷத்தில் ஒருவாட்டி கூடப் படித்ததில்லை. "நீ பேசறதையே தெனமும் கேக்கறேன், எழுதுனதை வேற படிக்கோணுமா?" என்பார். மகளோ புனேயில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், தட்டுத் தடுமாறி. எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் படிப்பதற்குள் தூங்கிவிடுவாள். அக்கம்பக்கத்தில் யாருக்கும் தமிழ் தெரியாது. ஆக, புனேயில் ஒரு விஷயம் வெளியே போகக்கூடாது என்றால் அதைத் தமிழ்ப் பத்திரிகையில் எழுதிவிடலாம்.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

நாங்கள் கோயமுத்தூர்க்காரர்கள். இவருக்கு போசரியில் ஒரு இன்ஜினீயரிங் கம்பெனியில் வேலை. குவாலிட்டி செக்ஷன். வருகிற பீஸை அளந்து பார்த்து, 'அளவு சரியில்லை' என்று திருப்பி அனுப்புவதுதான் தொழில். வீட்டிலும் அதே தொழில்தான். என் தோசையின் தடிமன் பற்றிக்கூட அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு.

விஷ்ராந்த்வாடியில் இருந்து போசரிக்கு மழையோ வெயிலோ அந்த பைக்கில்தான் போவார். கிக்கரும் உண்டு, செல்ஃப் பட்டனும் உண்டு. ஆனால் பட்டனை அவர் தொட்டதே கிடையாது. "அது பொம்பளைங்களுக்கு" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமைகளில் கடக்வாஸ்லா. விடிந்ததும் விடியாததுமாகத் தனியாகக் கிளம்பிவிடுவார். ஊரின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி. அணைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு பிளேட் வெங்காய பஜ்ஜி, ஒரு சாயா. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம். அவ்வளவுதான். ஒருமுறை நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். போகும்போதும் பேசவில்லை, வரும்போதும் பேசவில்லை. எனக்கு முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். ஆனால் திரும்பி வந்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! யாரோ கழுவித் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். ரிடையர் ஆன பிறகும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைத்துத்தான் வாரத்தை ஓட்டினார்.

போன வெயில் காலத்தில் நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரி, ஆஞ்சியோ, இரண்டு ஸ்டென்ட். பிழைத்தார். அதற்கு நான் கும்பிடாத சாமி இல்லை.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டரிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, வண்டி ஓட்டலாமா என்பதுதான். டாக்டர் யோசித்தார். "கிக் அடிக்கவே கூடாது. பட்டன் ஸ்டார்ட் இருக்கிறதா? இருந்தால் கொஞ்ச நாள் கழித்துத் தாராளமாக ஓட்டுங்கள்" என்றார்.

ஆக, இத்தனை வருஷம் அவர் ஏளனம் செய்த அந்தப் பட்டனில் வந்து நின்றது எல்லாம்.

மழைக்காலம் முழுக்க வண்டி கவர் போட்டு நின்றது. இவர் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலையில் காம்பவுண்டுக்குள் வாக்கிங், பிறகு நாற்காலி. சாயங்காலம் வாக்கிங், பிறகு நாற்காலி. டிவி பார்ப்பதில்லை. யார் போன் செய்தாலும் "நல்லா இருக்கேன்" என்று சொல்லி என் கையில் கொடுத்துவிடுவார். மனுஷன் என் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துகொண்டு வந்தார். ஒரே ஒரு தடவை கடக்வாஸ்லா போய்விட்டு வந்தால் போதும், பழையபடி ஆகிவிடுவார் என்று தோன்றியது. தோன்றியது என்ன... அதையே பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, மழை விட்டிருச்சு. வண்டிய எடுங்க" என்றேன்.

எடுத்தார். பட்டனை அழுத்தினார்.

டக்... டக்... டக்...

இந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? செத்த வண்டியில் சத்தமே வராது. இது அதைவிட மோசம். 'கிளம்பு' என்று உத்தரவு வந்துவிட்டது, கிளம்பத் திராணி இல்லை என்று அர்த்தம். பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருக்கும். ரிலே என்கிற சுவிட்சைத் தட்டிவிட அது போதும், மோட்டாரைச் சுற்றப் போதாது.

மாதக்கணக்கில் சும்மா நின்ற வண்டி, பேட்டரி இறங்கத்தானே செய்யும்? புதுப் பேட்டரி வாங்கினோம். அவரே மாட்டினார். ஒரே அழுத்து... பிடித்துக்கொண்டது! இன்ஜின் சத்தம் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை போலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, டக்... டக்... டக்...

"பாத்தியா? பேட்டரில ஒண்ணுமில்ல புள்ள. சார்ஜ் ஏற மாட்டீங்குது."

அன்று ஆரம்பித்தது ஆராய்ச்சி.

டைனிங் டேபிளில் பேப்பரை விரித்தார். வோல்ட் அளக்கிற மல்டிமீட்டரை எடுத்தார். அது கம்பெனியில் ரிடையர்மென்ட்டுக்குக் கூட வேலை செய்தவர்கள் வாங்கிக் கொடுத்தது. பேட்டரி டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்ததை என் ஆப்ப சோடாவைக் கரைத்து, என் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தார். எனக்குப் பாடம் வேறு எடுத்தார். "இங்க பாரு. இன்ஜின் சுத்தறப்ப காயில் கரன்ட் உண்டாக்கும். ரெகுலேட்டர் அத அளவா பேட்டரிக்கு அனுப்பும். பேட்டரி சேத்தி வெச்சு ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் குடுக்கும். இதுல ஏதோ ஒருத்தன் ஏமாத்தறான். எவன்னு கண்டுபுடிக்கோணும்."

கல்யாணம் ஆன நாளில் இருந்து இவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்து கேட்டேன். வண்டி நிற்கும்போது பேட்டரி பன்னிரண்டரை வோல்ட் காட்ட வேண்டும், ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை முறுக்கினால் பதினாலுக்குப் போக வேண்டும், போகவில்லை என்றால் சார்ஜிங்கில் கோளாறு. இதெல்லாம் எனக்கு இப்போது தலைகீழ்ப் பாடம். யாராவது அழைத்தால் சமையல் குறிப்புக்குப் பதிலாக இதைச் சொல்லித் தரத் தயார்.

ஏரவாடாவில் இருந்து மெக்கானிக் சந்தோஷ் வந்தான். வாய் ஓயாத பையன். எதைக் கேட்டாலும் 'மாற்றிவிடலாம்' என்பதுதான் பதில். வரும்போதெல்லாம் பேட்டரியைச் சார்ஜரில் போட்டு ஏற்றிவிடுவான். முதலில் ரிலேயை மாற்றினான். அன்றைக்கு வண்டி ஜோராக ஸ்டார்ட் ஆனது. ஞாயிற்றுக்கிழமை, டக் டக். அடுத்து ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி உள்ளே இருக்கிற கார்பன் பிரஷ்ஷை மாற்றினான். சனிக்கிழமை மத்தியானம் வரை பிரமாதம். ஞாயிற்றுக்கிழமை, டக் டக். இவர் காயில் என்றார், அவன் கேட்காமல் ரெகுலேட்டரையும் மாற்றினான். ஞாயிற்றுக்கிழமை... நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

மகள் போனில் கத்தினாள். "அம்மா, அந்த டப்பாவ பேச் தோ... ஐ மீன், வித்துடுங்க. அப்பாவுக்கு எங்க போணும்னாலும் நான் கேப் புக் பண்றேன்ல?"

"கடக்வாஸ்லாவுக்கு கேப்புல போயி என்னடி பண்றது?"

"பைக்ல போயி மட்டும் என்ன பண்ணாரு?"

நல்ல கேள்வி. போனை வைத்துவிட்டேன்.

சந்தோஷ் வராத ஒரு நாள், இவர் மத்தியானம் தூங்கும்போது நானே மீட்டரை எடுத்துக்கொண்டு கீழே போனேன். புடவையைச் செருகிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். வாட்ச்மேன் பார்த்த பார்வை இருக்கிறதே! சிவப்பைச் சிவப்பில், கறுப்பைக் கறுப்பில் வைத்தேன். பன்னிரண்டரைக்கு மேல் காட்டியது. பட்டனை அழுத்தினேன், பிடித்துக்கொண்டது. முறுக்கினேன், பதினாலு. விளக்கைப் போட்டு முறுக்கினேன், அப்போதும் பதினாலு. இவர் சொல்லிக்கொடுத்த அத்தனை பரீட்சையிலும் வண்டி பாஸ்.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "உனக்கு மீட்டர் பாக்கத் தெரியாது" என்று எழுந்து போய்விட்டார். எனக்கு மூக்கு உடைந்த மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் விடவில்லை. அப்போதே விட்டிருக்க வேண்டும்.

ஆயுத பூஜை வந்தது.

இங்கே மராத்திக்காரர்களுக்கும் அன்றைக்கு வண்டி பூஜை உண்டு. பார்க்கிங்கில் எல்லா வண்டியும் குளித்து, செண்டுமல்லி மாலை போட்டு நிற்கும். நம்மவர்கள் கூடுதலாகச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். அதை நசுக்கிக்கொண்டு வண்டி ஒரு சுற்று போய்வர வேண்டும். தேஷ்பாண்டே அம்மாளுக்கு அதைப் பார்க்க ரொம்ப ஆசை. வருஷா வருஷம் வந்து நிற்பார்.

இந்தத் தடவை நான் விசேஷமாக ஏற்பாடு செய்தேன். முதல் நாள் சாயங்காலம் சந்தோஷை வரவழைத்து முழுக்க செக் பண்ணச் சொன்னேன். "சார்ஜிங் ஏக்தம் டீக் ஆஹே, காக்கு!" என்றான். எல்லாம் சரியாக இருக்கிறதாம். சாவியை அவன் கையிலிருந்து வாங்கி நேராகப் பூஜை அலமாரியில் வைத்தேன். பக்கத்தில் அரிவாள்மணை, என் பேனா, இவருடைய ஸ்பேனர் செட், மல்டிமீட்டர். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். சாமிக்கு முன்னால் வைத்ததை மறுநாள் பூஜை முடிகிற வரை எடுக்கக்கூடாது. சின்ன வயதில் இருந்து அதுதானே நமக்குப் பழக்கம்?

கொஞ்ச நேரத்தில் இவர் வந்தார். "வண்டிச் சாவி எங்க?"

"சாமிகிட்ட வெச்சிருக்கேனுங்க."

"கொண்டா. ஒருக்கா கீழ போயி பாத்துட்டு வந்தர்றேன்."

"வெச்சத எடுக்கக் கூடாதுங்க. சந்தோஷ் எல்லாம் பாத்துட்டான்."

"அவன் என்னத்த பாத்தான்..." என்றார். அலமாரிப் பக்கம் பார்த்தார். கையை நீட்டவில்லை. ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. வாயு என்றார். நானும் பெருங்காயம் போட்ட மோர் கொடுத்தேன், மண்டு மாதிரி.

காலையில் பார்க்கிங்கில் நல்ல கூட்டம். இவர் வேட்டியில்லாமல் பேன்ட் சட்டை, ஷூ. நான்தான் போடச் சொன்னேன். கற்பூரம் காட்டினேன். முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று எலுமிச்சம்பழம் வைத்தேன். "ஏறுங்க" என்றேன். ஏறினார். பட்டனை அழுத்தினார்.

ஒரே அழுத்து. அப்படி ஒரு ஸ்டார்ட்! பார்க்கிங்கே கை தட்டியது. தேஷ்பாண்டே வீட்டுக்காரர் 'காக்கா ஜிந்தாபாத்' என்றார். நான் எதையோ ஜெயித்த மாதிரி நின்றேன்.

இவர் கிளட்ச்சைப் பிடித்தார். கியரைப் போட்டார். திரும்புவதற்கு இண்டிகேட்டரைக் கூடப் போட்டுவிட்டார், அவ்வளவு ஒழுங்கு. வண்டி உறுமியது. நகரவில்லை.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வண்டி உறுமிக்கொண்டே இருந்தது. அவர் இடது கை கிளட்ச்சை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. நெற்றியில் பொட்டுப் பொட்டாக வியர்வை. ஐயோ, நெஞ்சுவலியா? நான் ஓடினேன். அதற்குள் இன்ஜின் அணைந்துவிட்டது. அவரே அணைத்தாரா, தானாக நின்றதா, தெரியவில்லை.

"பேட்டரி போயிருச்சு" என்றார்.

இண்டிகேட்டர் பளிச் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. போன பேட்டரியில் இண்டிகேட்டர் அப்படி எரியாது. வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் அது தெரியும். அங்கே நின்றவர்கள் அத்தனை பேரும் வண்டி ஓட்டுகிறவர்கள்.

யாராவது சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒருத்தர் சிரிக்கவில்லை. தேஷ்பாண்டே வீட்டுக்காரர் மட்டும் மெதுவாக, "ஹோத்த அஸ, காக்கா" என்றார். நடக்கிறதுதான், விடுங்கள் என்கிற மாதிரி. எல்லாரும் சட்டென்று அவரவர் வண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். இவர் இறங்கி, யாரையும் பார்க்காமல் லிஃப்டுக்கு நடந்தார். நசுங்காத எலுமிச்சம்பழங்களை நான்தான் குனிந்து எடுத்தேன். அவமானமாக இருந்தது. அவருக்கு நடந்ததை நினைத்து, அதை நடத்தி வைத்த என்னை நினைத்து.

மேலே போனால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. நான் தரையில் உட்கார்ந்து கழற்றினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"பயமா இருக்குதுங்களா?" என்றேன்.

கழற்றிய ஷூவைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினார். பிறகு சொன்னார்: "கிளட்ச்ச விட்டா வண்டி போயிருமே புள்ள."

"போறதுக்குத்தானுங்க வண்டி."

"அதான்..." என்றார்.

அப்புறம் மெல்ல மெல்ல வந்தது. நெஞ்சுவலி வந்த அன்று அவர் வண்டியில்தான் இருந்திருக்கிறார், சிக்னலில். என்னிடம் காய்கறிக் கடையில் வலி வந்தது என்று சொல்லியிருந்தார். "பச்சை உழுந்திருச்சு. பின்னால எல்லாரும் ஹாரன் அடிக்கறாங்க. என்னால கைய எடுக்க முடியல. எடுத்தா எங்கயாச்சும் கொண்டுபோயி உட்ருமாட்ட இருந்துச்சு. ஒருத்தன் வந்து சாவியத் திருப்பி ஆஃப் பண்ணுனான். அவன் மூஞ்சிகூட ஞாபகம் இல்ல."

அழுதேன். அவர் அழவில்லை. என் தலையில் கையை வைத்துக்கொண்டு பால்கனிக்கு வெளியே பார்த்தார்.

"அப்ப வித்தர்லாமுங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கையை எடுத்துக்கொண்டார்.

"எதுக்கு விக்கறது? ரிப்பேர் ஆச்சுன்னா ஓட்டப்போறேன்."

அதற்குப் பிறகு அவர் வண்டியைப் பற்றிப் பேசவே இல்லை. பேப்பர் விரிக்கவில்லை, மீட்டரை எடுக்கவில்லை. நாற்காலி, வாக்கிங், நாற்காலி. சாப்பாட்டில் பாதியை ஒதுக்கினார். வண்டியில் கோளாறு இருந்த நாட்களில் மனிதர் எப்படி இருந்தார்! ஏமாற்றுகிறவனைக் கண்டுபிடிக்கிறேன் என்று துடிப்பாக, வாய் நிறையப் பேச்சாக. வண்டியில் ஒன்றுமில்லை என்று நான் ஊரைக் கூட்டி நிரூபித்தேன். அப்புறம் மிச்சம் இருந்தது அவர்தான்.

யோசித்துப் பாருங்கள், யாருக்குத்தான் இது இல்லை? முழங்கால் வலி என்று நான் எத்தனை கல்யாணத்துக்குப் போகாமல் இருந்திருக்கிறேன்! முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. அங்கே வந்து 'ஏன் இப்படி இளைச்சுட்டே?' என்று கேட்பவர்களை என்னால் தாங்க முடியாது, அவ்வளவுதான். நெட்வொர்க் இல்லை, தலைவலி, லிஃப்ட் ரிப்பேர்... ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறோம். அதை யாராவது வந்து ரிப்பேர் செய்துவிட்டால் நாம் என்ன ஆவோம்?

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு பார்க்கிங் வழியாக வந்தேன். மூலையில் இவருடைய வண்டி, கவர் போட்டு. கவருக்குள் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. தூக்கிப் பார்த்தேன். பார்க்கிங் விளக்கு.

அந்தப் பழைய மாடலில் சாவியைப் பூட்டுக்கும் அந்தப் பக்கம் இன்னொரு சொடுக்கு திருப்பினால் அந்தச் சின்ன விளக்கு எரியும். சாவியை உருவிக்கொண்டு போய்விடலாம். விளக்கு பாட்டுக்கு ராத்திரி முழுக்க எரிந்து, காலைக்குள் பேட்டரியைக் குடித்துவிடும். விடிகாலையில் வாக்கிங் போகிறவர் போகிறபோக்கில் அணைத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

எல்லா ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. பூஜைக்கு முதல் நாள் எதற்குச் சாவி கேட்டார் என்பதும்.

முதலில் கோபம்தான் வந்தது. பொல்லாத கோபம். ரிலே, பிரஷ், ரெகுலேட்டர்... ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் கும்பிட்ட கும்பிடு! மேலே போய் 'ஏனுங்க, என்னை என்னன்னு நெனச்சீங்க?' என்று உலுக்க வேண்டும் போல இருந்தது. லிஃப்ட் வரை போய்விட்டேன். அப்புறம் திரும்பி வந்து பக்கத்து ஸ்கூட்டரில் உட்கார்ந்தேன். பூஜைக்குப் பிறகு இத்தனை நாள் எதையுமே தொடாத மனுஷன், இன்றைக்குக் கீழே இறங்கி வந்து சாவியைத் திருப்பியிருக்கிறார். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்ற நினைப்பு அவருக்கு வந்திருக்கிறது. அழுவதா சிரிப்பதா?

என்னிடம் இன்னொரு சாவி இருக்கிறது. கைப்பையிலேயே இருந்தது. ஒரு சொடுக்குத் திருப்பினால் விளக்கு அணையும், காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகும்.

கவரை இழுத்து விட்டேன், வெளிச்சம் வெளியே தெரியாதபடி நன்றாக.

ஞாயிற்றுக்கிழமை காலையில், "வண்டியப் பாக்கலாமுங்களா?" என்றேன். வந்தார். டக்... டக்... டக்... நான் மீட்டரை வைத்தேன். பத்துச் சொச்சம் காட்டியது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன காட்டுது?"

"சார்ஜ் நிக்கலீங்க" என்றேன். "நீங்க சொன்னதுதான் சரி. காயில்தானாட்ட இருக்குது."

அந்த முகத்தில் அப்போது வந்ததை என்ன சொல்ல? கடக்வாஸ்லாவில் இருந்து திரும்பி வருவாரே, அதில் பாதி இருந்தது. "நான் அன்னிக்கே சொன்னேன்ல? அந்தப் பையன் ரெகுலேட்டர் ரெகுலேட்டர்னான்!" என்று ஆரம்பித்தவர் லிஃப்டில் பேசி, மாடியில் பேசி, இட்லி சாப்பிடும்போதும் பேசினார். காயிலை எப்படிச் சோதிப்பது, எத்தனை ஒயர், எந்த ஒயருக்கு எது... நான் தலையாட்டிக்கொண்டே இன்னொரு இட்லி வைத்தேன். சாப்பிட்டார்.

செய்தது சரியா? தெரியவில்லை. டாக்டர் ஓட்டச் சொல்கிறார். மகள் விற்கச் சொல்கிறாள். கையைப் பிடித்து, தைரியம் சொல்லி, காம்பவுண்டுக்குள் ஒரு சுற்றாவது ஓட வைக்கிறவள்தான் நல்ல மனைவியோ என்னவோ. நான் அதைத்தான் ஒரு தடவை செய்தேனே, மாலை போட்டு, ஊரைக் கூட்டி! இனிமேல் அவர் கடக்வாஸ்லாவுக்குப் போகப்போவதில்லை. அது எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரியும். அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள எங்கள் இருவருக்கும் தெம்பு இல்லை.

இப்போது இருவருமாகக் காயில் தேடுகிறோம். அந்த மாடலை நிறுத்தி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஏரவாடாவில் இல்லை. போசரியில் பழைய சிநேகிதர்களுக்கெல்லாம் போன் போட்டுக் கேட்கிறார். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அவராக யாருக்காவது போன் செய்வது இதுதான் முதல் தடவை. எங்கேயும் கிடைக்கவில்லை.

வாசகர்களில் யாரிடமாவது அந்தப் பழைய மாடல் காயில் ஒன்று இருந்தால், புண்ணியமாகப் போகும்... எனக்கு எழுதிவிடாதீர்கள்.